மாகிமில் பேசும் மாலி நாட்டு முழவு

பிப்ரவரி 3. மாட்டுங்காவில் அன்றும் வழக்கம்போலவே பொழுது விடியும். பூக்கடைகளில் கதம்பம் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். சிற்றுண்டிச் சாலைகளின் வாசலில் முதல் காப்பிக்காகச் சிலர் காத்திருப்பார்கள். ஆனால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கை நோக்கிச் செல்லும் கூட்டம் மட்டும் சற்று வேறாக இருக்கும். கையில் ஸ்ருதிப்பெட்டி வைத்திருக்கும் மாமிகளைவிட, தோளில் உறையிட்ட தாளவாத்தியத்தைச் சுமந்துவரும் இளைஞர்களே அதில் மிகுதி. 2000ஆம் ஆண்டு இதே நாளில் மும்பையில் மறைந்த தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்காவின் நினைவாக அவருடைய புதல்வர்கள் நடத்திவந்த நாள்முழுவதும் நீளும் இசை விழாவுக்கு வருபவர்கள் அவர்கள். காலை, பிற்பகல், மாலை என மூன்று அமர்வுகள். தபலாவுடன் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் அந்த மேடையில் ஏறும். கடல் கடந்து வந்த தாளக்கருவிகளும் ஏறும்.

தென்னிந்தியர்கள் 1952இல் தொடங்கிய ஒரு சபையின் அரங்கில், பஞ்சாப் கரானாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் தன் தந்தைக்குச் செய்யும் அஞ்சலி இது. மும்பை நகரத்தின் இயல்பே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் அந்த அரங்கின் மேல்மாடத்தில் அமர்ந்து நாம் கேட்ட ஓர் ஒலி நம்மை அவ்வாறு நகரவிடவில்லை. கோப்பை வடிவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மரமுழவு. அதை இரு முழங்கால்களுக்கிடையே நிறுத்தி ஒருவர் வெறுங்கையால் வாசித்தார். வாயால் முதலில் சொல்லிக்காட்டியவை தபலாவின் சொற்கள். பின்னர் அதே சொற்கள் அந்தத் தோலிலிருந்து வந்தன. வாசித்தவர் அல்லா ரக்காவின் இளைய மகன் தௌஃபீக் குரேஷி. வாசித்த கருவி மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே.

அல்லா ரக்காவின் வீடு மாகிமில் இருந்தது. மாகிம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கினால் தாராவி. மேற்கு வாயிலில் இறங்கினால் மாகிம். அந்த மேற்குப் பக்கத்து வீட்டில் தபலாதான் தாய்மொழி. மூத்தவர் ஜாகிர் ஹுசைன் உலகம் அறிந்தவர். 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் மறைந்தபோது, கர்நாடக இசை மட்டுமே கேட்கும் மாட்டுங்கா வீடுகளிலும் துக்கம் இருந்தது. அடுத்தவர் ஃபஸல் குரேஷியும் தபலா வித்வான். தந்தையோ ரவிசங்கருடன் மேலைநாடுகளைச் சுற்றிவந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் வாசித்தவர். அதற்கு முந்தைய ஆண்டே பட்டி ரிச் என்னும் அமெரிக்க டிரம்ஸ் கலைஞருடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர். இத்தகைய வீட்டில் மூன்றாவதாக ஒருவர் தபலாவைத் தொட்டால் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. தௌஃபீக் அதைப் பற்றி என்ன எண்ணினார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் செய்தது நமக்குத் தெரியும். தந்தையிடம் தபலாவை முறையாகப் பயின்றார். மூத்த அண்ணனிடமும் கற்றார். பின்னர் வேறொரு கண்டத்தின் நாட்டுப்புற முழவைக் கையிலெடுத்து, தாம் கற்றது அனைத்தையும் அதற்குள் கொண்டுவந்து சேர்க்க முற்பட்டார்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி இதில் உண்டு. தௌஃபீக் குரேஷிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் கடம் விக்கு விநாயக்ராம். விநாயக்ராமும் ஜாகிர் ஹுசைனும் 1970களில் ஜான் மெக்லாஃப்லினுடனும் வயலின் எல். சங்கருடனும் சேர்ந்து சக்தி குழுவில் வாசித்தவர்கள். 1991இல் மிக்கி ஹார்ட் தொகுத்த ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டிலும் இருவரும் பங்குகொண்டார்கள். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது அந்த இசைத்தட்டுதான். அதில் வாசித்த மற்றொருவர் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுன்ஜி. மண்பானையும் தபலாவும் ஆப்பிரிக்க முழவும் ஒரே அறையில் அமர்ந்து ஒன்றையொன்று கேட்டுக்கொண்ட காலம் அது. மாகிம் வீட்டின் இளையவர் ஜெம்பேயை எடுத்தது திடீரென்று தோன்றிய ஆசையன்று; வாசலில் ஏற்கெனவே வந்து நின்றிருந்த விருந்தாளியை அவர் உள்ளே அழைத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஜெம்பே மாண்டே மக்களின் கருவி. இன்றைய மாலி, கினி முதலிய நாடுகள் அதன் தாயகம். ஒரே மரத்துண்டைக் குடைந்து கோப்பைபோல் செதுக்கி, மேல்வாயில் ஆட்டுத்தோலைப் போர்த்தி, கயிறுகளால் இழுத்துக் கட்டுவார்கள். மரத்தைச் செதுக்கும் உரிமை மரபாகக் கொல்லர் குலத்தாருக்கு உரியது. அடிப்படை ஒலிகள் மூன்றே. தோலின் நடுவில் உள்ளங்கை விழுந்தால் ஆழ்ந்த கும்கி ஒலி. விளிம்பில் விரல்களைச் சேர்த்து வைத்து அடித்தால் உருண்டையான நாதம். அதே விளிம்பில் விரல்களைத் தளரவிட்டு வீசினால் சாட்டை சொடுக்கியதுபோன்ற கூர்மை. இந்த மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதற்கே தொடக்கநிலை மாணவருக்கு மாதங்கள் பிடிக்கும்.

இனி தபலாவுக்கு வருவோம். அது இரண்டு கருவி. வலக்கையில் சுருதி சேர்ந்த மரக்கட்டை. இடக்கையில் கும்கி தரும் டக்கா. இரண்டின் தோலிலும் இரும்புத்தூள் கலந்த கருப்புப் பூச்சு. அதனால்தான் ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு இடத்தில் விழும்போது ஒவ்வோர் எழுத்தாக ஒலிக்கிறது. ‘தா’ என்னும் சொல்லுக்கு இரு கைகளும் ஒரே கணத்தில் இரு தோல்களைத் தொட வேண்டும். ஜெம்பேயில் இருப்பதோ ஒரே தோல், பூச்சும் இல்லை. நடுவையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டும் கெட்டுவிடும். இடக்கை மணிக்கட்டை அழுத்தித் தேய்த்து டக்காவில் எழுப்பும் அந்தக் குழைவும் இங்கே எளிதில் கிட்டாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் செய்யும் வேலையையே வாசிப்பவரும் செய்யவேண்டியிருக்கிறது. எந்தச் சொல்லுக்கு எந்த ஒலி ஈடாகும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். விரைவான ‘திரகிட’ போன்ற கோவைகளுக்கு உள்ளங்கை உதவாது. விரல்நுனிகளைத் தோலின் மேல் ஓடவிட வேண்டும். ஜெம்பேக்குப் பிறந்த நாட்டில் பெரும்பாலும் தேவைப்படாத ஒரு விரல்நுட்பம் இப்படித்தான் மும்பையில் அதற்கு வாய்த்தது. தபலாவின் சொல்மரபை ஜெம்பேக்குப் பொருத்திய வாசிப்பு முறையை வகுத்தவர் என்றே இன்று தௌஃபீக் குரேஷி அறியப்படுகிறார். அதையே மாணவர்களுக்கும் கற்பிக்கிறார். அவர் மகன் ஷிகர் நாத் குரேஷியும் ஜெம்பே வாசிப்பவரே.

முதலில் வாயால் சொல், பிறகு கையால் வாசி என்பது நமக்குப் புதிதன்று. மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் ‘தகதிமி’ சொல்லாமல் கருவியைத் தொடுவதில்லை. அதன் முதிர்ந்த வடிவமே கொன்னக்கோல். வியப்பு என்னவென்றால், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்குக் கைமுழவு கற்பித்த ஒலாதுன்ஜியும் இதையே கையாண்டார். கும்கிக்கு ‘குன், துன்’. நாதத்துக்கு ‘கோ, தோ’. சொடுக்குக்கு ‘பா, தா’. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. பள்ளிக்கூடம் எதுவும் பார்த்திராத ஒரு தாத்தா பேரனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுபோன்ற எளிமை. தஞ்சாவூரும் லாகூரும் நைஜீரியாவும் ஒன்றையொன்று கேட்காமலேயே ஒரே பாடமுறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த மாற்றத்தில் இழப்பே இல்லையா என்று கேட்டால், உண்டு என்பதே நேர்மையான விடை. தாயகத்தில் ஜெம்பே தனித்து வாசிக்கப்படுவது அரிது. துன்துன் எனப்படும் பீப்பாய் வடிவ முழவுகள் மூன்று அதனுடன் சேரும். சிறியதற்குக் கென்கெனி, நடுவானதற்குச் சங்பான், பெரியதற்குத் துன்துன்பா என்று பெயர். அவை மூன்றும் கோலால் வாசிக்கப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாட்டின் அடையாளமே அந்தப் பின்னலில்தான் இருக்கிறது. அதன் மேல்தான் ஜெம்பே பேசும். ஆடுபவரின் காலைப் பார்த்துப் பேசும். அறுவடைக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு தாளத்துக்கும் ஓர் இடமும் வேளையும் உண்டு. கினியின் மாமடி கெய்ட்டா, 1964இல் சிறுவனாகத் தேசிய நடனக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பின்னாளில் பிரஸ்ஸல்ஸில் குடியேறி ‘தம் தம் மாண்டிங்’ என்னும் பள்ளியை நிறுவினார். 2021இல் மறையும்வரை அவர் உலகமெங்கும் கற்பித்தது இந்தத் தாளங்களையும் அவற்றின் கதைகளையும்தான். மும்பையில் பதினாறு மாத்திரைத் தீன்தாலில் ஜெம்பே தனியாவர்த்தனம் கேட்கும்போது கை தட்டுகிறோம்; கென்கெனியும் சங்பானும் அங்கே இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். கடம் சமையற்கட்டிலிருந்து மேடைக்கு வந்தபோதும், வயலின் ஐரோப்பாவிலிருந்து நம் மடிக்கு வந்தபோதும் இத்தகைய இழப்புகள் நேர்ந்தேயிருக்கும். வயலினை எவரும் இன்று திருப்பிக் கேட்பதில்லை. ஆயினும் ஜெம்பே பயிலும் மாணவர் கெய்ட்டாவின் பதிவுகளையும் கேட்பது நன்று என்பது நம் எண்ணம்.

தௌஃபீக் குரேஷி ஜெம்பேயோடு நின்றவரல்லர். ‘மும்பை ஸ்டாம்ப்’ என்னும் அவருடைய குழு வாளி, பீப்பாய், தகர டப்பா, துடைப்பம் போன்ற கழிவுப் பொருள்களைக்கொண்டு தாளம் எழுப்புவது. நெஞ்சைத் தட்டியும் மூச்சை இழுத்துவிட்டும் வாயாலேயே முழவு வாசிப்பதும் அவருடைய மேடைகளில் உண்டு. இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை மாகிம் நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கிப் பார்க்க வேண்டும். தாராவியின் மறுசுழற்சித் தொழிற்கூடங்களில் நீல நிறப் பீப்பாய்களும் வண்ணப்பூச்சு டப்பாக்களும் மலைபோல் குவிந்திருக்கும். கழிவு பொறுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஏகார்ன் அறக்கட்டளை உருவாக்கிய ‘தாராவி ராக்ஸ்’ குழு வாசித்ததும் அந்தப் பீப்பாய்களையும் டப்பாக்களையும்தான். கருவி வாங்கப் பணமில்லை என்பது அங்கே தடையாகவில்லை. தாளத்தைச் சொல்லித்தர ஒருவர் வருவாரா என்பதே கேள்வியாக இருந்தது.

தாராவியின் தமிழர்களுக்கு முழவு எங்கிருந்தோ வரவேண்டியதுமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் அங்கே பலர். பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கும் காட்சியை மும்பை நாளிதழ்கள் படம்பிடித்துப் போடுகின்றன. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றுள் பறையும் ஒன்று. வட்டமான மரச்சட்டம்; அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல்; ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய சிண்டுக்குச்சி. மழைக்காலத்தில் தோல் தொய்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். மாலி நாட்டில் ஜெம்பேயையும் இப்படித்தான் நெருப்பில் காட்டுவார்கள்.

இங்கே நம் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. சண்முகானந்தா அரங்கில் ஜெம்பேக்குக் கிடைத்த கைதட்டலில் நம் கையும் சேர்ந்திருந்தது. அரங்கிலிருந்து தாராவி வெகுதூரமில்லை. அந்தத் தூரத்தைப் பறை இன்னும் எளிதாகக் கடக்கவில்லை. ஆப்பிரிக்காவின் ஊர்மன்றத்து முழவை ‘உலக இசை’ என்று வரவேற்ற நாம், சொந்த ஊர்மன்றத்து முழவைச் சாவு வீட்டுக்கு உரியது என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்தோம். மிருதங்கத்தின் தோலைப் பதப்படுத்தி, மூட்டி, வார் பிடிக்கும் தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாக எழுதும்வரை, மேடையில் வாசிப்பவரின் பெயர் தெரிந்த நமக்குக் கருவி செய்தவரின் பெயர் தெரியாது. நிலைமை மாறிக்கொண்டுதான் வருகிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இளம்பெண்களுக்குப் பறை கற்பித்து மேடையேற்றியது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தாராவியின் இளைஞர்களோ யாருக்கும் காத்திராமல் தமிழில் ராப் பாடத் தொடங்கிவிட்டார்கள். 2018இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் அவர்களின் குரல் ஒலித்தது.

செம்பூரின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே வீட்டுக்கு வீடு பாட்டு வகுப்பு. 1962இல் தொடங்கிய ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி. அந்தச் சூழலில் வளர்ந்து, சிறுவயதில் வீணை பயின்று, கர்நாடக இசையையும் இந்துஸ்தானி இசையையும் கற்று, கணிப்பொறித் துறையில் வேலை பார்த்துவிட்டு இசைக்கே திரும்பியவர் சங்கர் மகாதேவன். சக்தி குழு மீண்டும் உயிர்பெற்றபோது அதன் குரலானவர் அவர். அக்குழுவின் ‘திஸ் மொமன்ட்’ இசைத்தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிரா முதலான தாளக்கருவிகளை வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். செம்பூரின் வீணைப் பிள்ளையும், மாகிமின் தபலா பிள்ளையும், சென்னையின் கடம் வீட்டுப் பிள்ளையும் ஒரே மேடையில்.

வங்கியில் பணியாற்றும் நாம் இவற்றையெல்லாம் எழுதும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. விருது பெறுபவர்கள் சிலர். அவர்களிடம் கற்றுக்கொண்டு தெருத்தெருவாக வகுப்பு நடத்துபவர்கள் பலர். பள்ளிகளில் வாரம் இருமுறை தாள வகுப்பு, ஞாயிறன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் குழு வாசிப்பு, எப்போதாவது ஒரு திரைப்பட ஒலிப்பதிவு என்று அவர்களின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். கடன் மேசைக்கு முன் வந்து அமரும்போது அவர்களிடம் சம்பளச் சீட்டு இருப்பதில்லை. திறமைக்குக் குறைவில்லை, கணக்குக்குத்தான் குறைவு என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். கட்டணம் முழுவதையும் ஒரே கணக்கில் வாங்குவதும், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதும் சிறிய காரியங்களே. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்துவந்தால், வகுப்புக்கென்று ஓர் அறை வாங்க நினைக்கும் நாளில் அந்தத் தாள்களே அவருக்காகப் பேசும். இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் தம் பிள்ளைகளின் தாள ஆசிரியருக்கு இதைச் சொல்லலாம். ரொக்கமாகக் கொடுக்கும் கட்டணத்தை அவர் கணக்குக்கே அனுப்பியும் உதவலாம்.

பிள்ளைகளை ஜெம்பே வகுப்பில் சேர்க்க விரும்புவோர் முதல் நாளே பெரிய கருவி வாங்கித்தர வேண்டியதில்லை. கோப்பையின் உயரம் பிள்ளையின் அமர்வுக்குப் பொருந்தாவிட்டால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டே வாசிக்கச் சொல்லுங்கள். விரலும் தப்பும், தோலும் தப்பும். ஜூன் மாதம் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஆட்டுத்தோல் ஈரத்தில் தொய்ந்து குரல் கம்மும். கருவி பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் உலரவைத்துக் கயிற்றை இறுக்கினால் போதும்.

சென்ற பொங்கலுக்கு மறுநாள் மாலை, அலுவல் முடிந்து மாகிம் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றிருந்தோம். கிழக்குப் பக்கத்திலிருந்து பறை கேட்டது. அருகில் நின்ற பள்ளிச் சிறுவன் ஒருவன், முதுகில் ஜெம்பே உறையுடன், பாலத்தின் கைப்பிடிக் குழாயில் அந்த அடியை விரல்களால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை தவறிற்று. மூன்றாம் முறை சரியாக வந்தபோது அவனுடைய ரயில் வந்துவிட்டது.